பணம் கட்டும் தளம் என்றால் பிள்ளைக்குப் பத்திரமா? பாலக்கோட்டுச் சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்லும் இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் ஒன்று என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். இவரும் வேலைக்குப் போகிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் மாலை நேரத்தில் பாட்டியோடு வீட்டில் இருக்கிறான். இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களில் கண்டதெல்லாம் வருகிறது என்று பயந்து, பணம் கட்டி ஓடிடி சந்தா வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் அந்தச் சந்தாத் தளத்திலேயே பையன் பார்க்கக் கூடாத ஒரு காட்சி ஓட, பாட்டி பதறிப்போய் டிவியின் சுவிட்சையே அணைத்திருக்கிறார். "பணம் கட்டினால்தான் பார்க்க முடியும் என்கிற இடத்தில் இதெல்லாம் எப்படி வருகிறது? சந்தாவை நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். நிறுத்திவிடுவதா?" இதுதான் கேள்வி.

முதல் பாதியிலிருந்து தொடங்குகிறேன். காசு கேட்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்காது என்ற நம்பிக்கை நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நான் பேசிய எத்தனையோ பெற்றோரிடம் இருக்கிறது. காசு வாங்குவது ஒரு வேலை, வயதைப் பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் பணத்தைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கம்பு மேலே போகிறது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது பெரியவரா பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை, பார்ப்பதற்காக அது வைக்கப்படவும் இல்லை. சந்தாவும் அப்படித்தான். சந்தாப் பணம் தானாகப் போகும் ஆட்டோபே வசதியில் இதன் அடுத்த கட்டம் இருக்கிறது: முதல் மாதம் அப்பா யூபிஐ பின் எண்ணைப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு மாதாமாதம் பணம் தானாகப் போய்விடுகிறது, டிவியில் கணக்கு திறந்தே இருக்கிறது, ஆகவே அந்த வீட்டுக்குள் பணம் என்கிற தடைகூடக் கிடையாது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே சந்தாதாரர்.

சில வீடுகளில் சந்தா வாங்கியதே தெரியாமல் வாங்கியிருப்பார்கள். செல்போன் ரீசார்ஜோடும் வீட்டு இணைய இணைப்போடும் நாலைந்து ஓடிடி தளங்கள் சேர்ந்தே வருகின்றன. அப்பா கிரிக்கெட்டுக்காக ஒன்றைத் திறப்பார், அம்மா தொடருக்காக இன்னொன்றைத் திறப்பார், மீதி எல்லாவற்றையும் திறந்து பார்க்கப் பொறுமையும் நேரமும் இருப்பது பிள்ளைக்குத்தான். ஒரு தளத்தில் போட்ட பூட்டு இன்னொரு தளத்தில் வேலை செய்யாது என்பதால், எத்தனை தளங்கள் வந்திருக்கின்றன என்று முதலில் ரீசார்ஜ் விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். தேவையில்லாததை டிவியிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

இனி அந்த மாலையில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். மகனுக்காகக் குழந்தைகள் ப்ரொஃபைல் (ஒரே சந்தாவுக்குள் ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்துக்கொள்ளும் பக்கம்) ஒன்று உருவாக்கி வைத்திருப்பதாகவும், அதனால் நிம்மதியாக இருந்ததாகவும் சகோதரி எழுதியிருக்கிறார். பல வீடுகளில் நான் காண்பதும் இதுவே. குழந்தைகள் ப்ரொஃபைலை உருவாக்குவார்கள். அப்பாவின் ப்ரொஃபைலைத் திறந்தே விட்டுவிடுவார்கள். பையன் தன் பக்கத்திலிருந்து வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கும் அப்பாவின் படத்தை அழுத்தினால் போதும், பெரியவர்களுக்கான அத்தனையும் அவன் முன்னால் வந்துவிடும். பூட்டு பெரியவர்கள் ப்ரொஃபைலில் இருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்கப் பின் எண் வைக்கலாம். அந்த எண் இல்லாமல் புதிய ப்ரொஃபைல் உருவாக்க முடியாதபடியும் செய்யலாம். இரண்டாவதை விட்டுவிட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனக்கென்று ஒரு பெரியவர் ப்ரொஃபைலை ஒரே நிமிடத்தில் உருவாக்கிக்கொள்ளும்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. நம் ஊர்களில் ஒரு சந்தாவை நாலு வீடு சேர்ந்து பயன்படுத்துகிறது. பெங்களூரில் இருக்கும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ கடவுச்சொல்லைக் கொடுத்திருப்போம். அவர் இரவில் தன் அறையில் பார்த்த படம், மறுநாள் மாலை பாலக்கோட்டு வீட்டு டிவியில் "தொடர்ந்து பார்க்க" என்ற வரிசையில் முதல் படமாக வந்து நிற்கும். அவர் தவறு எதுவும் செய்யவில்லை, வயது வந்தவர் தனக்கு உரியதைப் பார்த்தார். அவரும் பிள்ளையும் ஒரே ப்ரொஃபைலைத் திறந்ததுதான் சிக்கல். ஆகையால் ஒவ்வொரு பெரியவருக்கும் தனி ப்ரொஃபைல், ஒவ்வொன்றுக்கும் பின் எண். அந்த எண்ணைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ரிமோட்டில் அழுத்தாதீர்கள். டிவித் திரையில் கட்டம் கட்டமாக நகர்ந்து போவதைப் பார்த்தே அவன் மனப்பாடம் செய்துவிடுவான். பிறந்த வருடம், வண்டி எண், போனைத் திறக்கும் எண் இவை எதுவும் வேண்டாம்.

"அப்படியானால் தளம் நடத்துகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொறுப்பு உண்டு, அதைக் கறாராகக் கேட்கவும் வேண்டும். ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தாத் தளம் பிரிட்டனிலிருந்து 2016 முதல் நடக்கிறது. பணம் கட்டிப் பார்க்கும் பெரியவர்களுக்கான காட்சிகளுக்கே அது பேர் போனது. அங்கே நுழைகிறவரின் முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுகிறது. முகக் கணிப்பு ஓரிரு வருடம் முன்னே பின்னே தவறக்கூடியது என்பதால், 18 என்று வரம்பு வைத்தால் பதினாறு வயதுப் பிள்ளையும் நுழைந்துவிடும். அதனால் வரம்பைக் கொஞ்சம் மேலே வைத்து, அதற்குக் கீழே தெரிகிறவரிடம் வேறு சான்று கேட்பார்கள். அந்த வரம்பு 23 என்று பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமிடம் நிறுவனம் தெரிவித்திருந்தது. உண்மையில் அது 20 ஆக இருந்தது. தவறான தகவல் கொடுத்ததற்காக அந்தத் தளத்தை நடத்தும் ஃபெனிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு 2025 மார்ச்சில் ஆஃப்காம் 10 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. பணம் வாங்கும் வாசலையும் வயது பார்க்கும் வாசலையும் தனித்தனியாக வைத்து, இரண்டாவது வாசலின் கணக்கைத் தனியாகக் கேட்ட ஒரு கண்காணிப்பு அமைப்பு இருந்ததால்தான் இந்த அபராதம் வந்தது. அதனால்தான் இந்த ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சுங்கச்சாவடி வயது பார்க்காது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரிக்க வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி கொடுக்க வேண்டும். ஏ சான்று உள்ளவற்றுக்கு நம்பகமான வயதுச் சரிபார்ப்பு இருக்க வேண்டும். வசதியைக் கொடுப்பது அவர்கள் கடமை. அதைப் போட்டுவைப்பது பெரும்பாலும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. பூட்டுப் போட்ட பிறகும் குழந்தைகள் பக்கத்தில் தகாதது வந்தால், திரையைப் படம் பிடித்து, தேதி, நேரத்தோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 15 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றாலும், சொன்னது திருப்தியாக இல்லை என்றாலும், அந்தத் தளம் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேலே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் போகலாம்.

ஆபாசத் தளங்களைத்தான் அரசு தடை செய்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்களும் 2025 ஜூலையில் மேலும் 25 தளங்களும் முடக்கப்பட்டன, அது சரியான நடவடிக்கை. ஆனால் பாலக்கோட்டு வீட்டில் ஓடியது முடக்கப்பட்ட தளம் அல்லவே. நல்ல பெயருள்ள தளத்தில், வயது வந்தவர் பார்ப்பதற்குச் சட்டம் அனுமதித்த காட்சி அது. எந்தத் தடையும் அதைத் தொடாது. வைஃபை ரவுட்டரில் குடும்பப் பாதுகாப்பு டிஎன்எஸ் (இணையதளத்தின் பெயரைப் பார்த்தே வடிகட்டும் அமைப்பு) போட்டுக்கொள்வது ஆபாச இணையதளங்களைத் தடுக்க உதவும், போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் ஓடிடி தளத்துக்குள் எந்தப் படம் யாருக்கு உரியது என்று பிரிக்காது.

அடுத்தது பாட்டி. இந்த வீட்டில் மாலை நேரக் காவல் அவர்தான், ஆனால் கேள்வி முழுவதும் அவர் பதறியவராக மட்டுமே வருகிறார். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இதே பொருளைப் பேசப் போயிருந்தேன். பெற்றோர் கூட்டம் என்றுதான் பெயர், வந்திருந்தவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள், ஏனென்றால் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பூட்டு, ப்ரொஃபைல் என்று நான் சொல்லிக்கொண்டே போனபோது ஒரு பாட்டி எழுந்து, "எனக்கு எழுத்து தெரியாதுங்க சாமி, நம்பரு தெரியும். நம்பர வெச்சு எதனா சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பெரிய மகிழ்ச்சியைக் கொடுத்தது, ஏனென்றால் விடை விதியிலேயே இருக்கிறது. நிகழ்ச்சி தொடங்கும்போது அதன் வயதுக் குறியீட்டைத் திரையில் காட்ட வேண்டும். 7 என்று வந்தால் பேரன் பார்க்கலாம். 13, 16 வந்தால் வேறு போடச் சொல்லுங்கள். எண்ணே இல்லாமல் இந்த எழுத்து மட்டும் வந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள் என்று, ஏ என்ற அந்த ஒற்றை எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். பேருந்தின் எண்ணையும் ரூபாய் நோட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடினமே இல்லை. சகோதரி, உங்கள் மாமியாருக்கு இதை இன்றே சொல்லிக் கொடுங்கள். சுவிட்சை அணைப்பதைவிட நல்ல வேலை அவரால் செய்ய முடியும்.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்கான பதில். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் கேள்வி வேறு. உங்கள் கடிதத்தில் டிவி வருகிறது, சந்தா வருகிறது, மாமியார் வருகிறார், கணவரின் கோபம் வருகிறது. அன்றைக்கு மகன் என்ன சொன்னான் என்பது ஓரிடத்திலும் இல்லை. யாராவது அவனிடம் பேசினார்களா? அந்தக் காட்சி தானாக வந்ததா, தேடிப் போனானா, வேறு யாராவது போடச் சொன்னார்களா என்று அவனுக்குத்தான் தெரியும். மிரட்டாமல் கேட்டால் சொல்வான். தனியாக இருக்கும்போது, "அன்னிக்கு டிவியில வந்தது பெரியவங்களுக்காக எடுத்தது. நீ பார்த்ததுக்காக நான் திட்டப் போறதில்ல. பார்த்ததும் பயமா இருந்துச்சா, குழப்பமா இருந்துச்சா?" என்ற அளவில் தொடங்கினால் போதும். பன்னிரண்டு வயதில் ஆர்வம் வருவது இயற்கை. அவன் பார்த்தது நடிப்பு என்பதையும், உண்மையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அதில் இல்லை என்பதையும் பெற்றோர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால், நண்பன் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அரைகுறைச் செய்தியின் பலம் குறைந்துவிடும். அப்பா பேசினால் இன்னும் நல்லது. ஷிப்டு இல்லாத ஒரு நாளில் அவர் பேசட்டும்.

அப்படிப் பேசும்போது, பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே அவனுக்கு அதைக் காட்டினார் என்று தெரியவந்தால், அது உறவுக்காரராகவே இருந்தாலும், மூடி மறைக்க வேண்டிய குடும்ப விஷயம் ஆகாது. பாலியல் நோக்கத்தோடு குழந்தைக்கு ஆபாசக் காட்சியைக் காட்டி அவனைத் தன் வழிக்கு இழுப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் தொந்தரவு, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரின் யோசனைக்குப் பதில் சொல்ல முடிகிறது. சந்தாவை இப்போது நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. செலவு மிச்சம் என்று நிறுத்துவதானால் சில மாதம் கழித்து நிறுத்துங்கள். இந்தச் சம்பவத்தின் மறுநாளே நிறுத்தினால், மகன் அதைத் தனக்குக் கிடைத்த தண்டனையாகவே எடுத்துக்கொள்வான். இனி பள்ளி போகும் வழியில் யாராவது போனை நீட்டி எதையாவது காட்டினாலும், வீட்டில் சொன்னால் இன்னும் ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொள்வான். பெரியவர்கள் ப்ரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போடுங்கள், மகனின் ப்ரொஃபைலை 7+ அளவில் வையுங்கள், ஏன் போடுகிறோம் என்பதை அவனுக்குச் சொல்லிவிட்டே போடுங்கள், டிவி அப்படியே ஓடட்டும்.