பேர் நம்முது, முடிவு யாருது?

(திருப்பூரில் மகளிர் நாளையொட்டி நடந்த கூட்டத்தில், கல்லூரி மாணவிகளுக்கும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

"செயற்கை நுண்ணறிவில் பெண்களின் பங்களிப்பு" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பங்களிப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கொங்கு நாட்டில் எந்தத் தொழிலில் பெண் இல்லாமல் இருந்தாள்? தறியில் இருந்தாள், நூல் மில்லில் இருந்தாள், மஞ்சள் காட்டில் இருந்தாள். பல கம்பெனிகளுக்குப் பேரே அவள் பேர்தான். ஜிஎஸ்டி பதிவு, பேங்க் லோன் எல்லாம் வீட்டம்மா பேரில் இருக்கும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். எந்த மெஷின் வாங்குவது, என்ன விலைக்கு ஆர்டர் பிடிப்பது என்பதை வேறொருவர் பார்த்துக்கொள்வார். சிரிக்கிறீர்கள். யார் யார் சிரிக்கவில்லை என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கணினித் துறையிலும் இது பழைய கதைதான். 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றைய விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபெய்-ஃபெய் லீ. சீனாவில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே அவர் குடும்பம் பிழைப்புக்குச் சலவைக்கடை நடத்தியது. மற்றவர்கள் கணக்கு முறையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கணினிக்குப் போதுமான படங்களையே நாம் காட்டவில்லை என்றார் அவர். அவர் குழு உருவாக்கி 2009இல் வெளியிட்ட இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பு பிறகு 1 கோடியே 40 லட்சம் படங்கள் வரை வளர்ந்தது. 2012இல் அதை வைத்து நடந்த போட்டியில் கிடைத்த வெற்றிதான் இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையைக் கிளப்பியது.

அத்தனை படங்களுக்கும் "இது நாய், இது நாற்காலி" என்று குறித்தது யார்? 167 நாடுகளிலிருந்து இணையம் வழியே கூலிக்கு வேலை செய்த சுமார் 49,000 பேர். அவர்களில் ஒருவர் பேர்கூட நமக்குத் தெரியாது. என்னென்ன தலைப்பில் குறிக்க வேண்டும் என்ற பட்டியல் மேலே இருந்து வந்தது. அந்தப் பட்டியலில் மனிதர்களுக்கு இழிவான பட்டங்களும் இருந்தது 2019இல் அம்பலமானபோது, மனிதர்கள் இருந்த 6 லட்சம் படங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். குறித்தவர்களுக்கு அந்தப் பட்டியலை மாற்றும் உரிமை எப்போதுமே இருந்ததில்லை.

இதே குறியிடும் வேலை நம்ம மல்லசமுத்திரத்திலும் சேலத்திலும் நடக்கிறது. எங்கோ ஓடுகிற காரின் படத்தைத் திரையில் வைத்து, சாலைக்கு ஒரு கோடு, ஆளுக்கு ஒரு கட்டம். அதை நான் குறைவாகப் பேசமாட்டேன். பெங்களூருக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளை பஸ் ஏறிப் போய்ச் சம்பளம் வாங்கி வருகிறாள் என்றால் அது பெரிய காரியம். ஆனால், அம்மிணி, வேலைக்குச் சேரும்போதே ஒன்று கேள். மூன்று வருசம் கட்டம் போட்ட பிறகு நான் எங்கே இருப்பேன்? கட்டம் எப்படிப் போட வேண்டும் என்ற விதியை எழுதும் மேசைக்கு எனக்கு வழி உண்டா?

அந்த மேசையில் நம்ம ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. விற்பனைக்கு வந்துவிட்ட சரக்கு இது! நம்ம ஊரில் சரக்கு வாங்கும் பையர் இப்படி ஒரு லாட்டை ஏற்றுக்கொள்வாரா?

சரி, நம்ம ஊர் சரக்குக்கே வருவோம். துணியில் ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு எல்லாவற்றையும் கேமராவே பிடித்துவிடும் என்று மெஷின் விற்கிறார்கள். அது பொய்யில்லை, பிடிக்கும். ஆனால் அதற்கு முதலில் ஆயிரக்கணக்கான டேமேஜ் படங்களைக் காட்டி, இது ஓட்டை, இது கறை, இது விடலாம், இது கூடாது என்று சொல்லித்தர வேண்டும். அந்த "விடலாம், கூடாது" யாருக்குத் தெரியும்? இன்ஜினியருக்குத் தெரியாது. முதலாளிக்குப் பாதி தெரியும். ஷிப்டு முழுக்க டேபிள் முன்னால் நின்று பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் செக்கிங் அக்காவுக்குத் தெரியும். உள்பக்கம் மடிந்து போகும் இடத்தில் இருக்கும் சின்னக் கறையை விட்டுவிடலாம், நெஞ்சுப் பக்கம் பிரிண்ட் அருகே இருந்தால் ஆகாது என்பதும், எந்தப் பையர் எதற்கு முகம் சுளிப்பார் என்பதும் அவர் கையில் இருக்கிற கணக்கு. எந்தச் சான்றிதழிலும் அது கிடையாது.

அந்தக் கணக்கை மெஷின் வாங்கிக்கொண்ட பிறகு, செக்கிங் டேபிளில் இத்தனை பேர் எதற்கு என்று ஒரு நாள் கேள்வி வரும். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். முதலாளிமார்களும் வந்திருக்கிறார்கள், அவர்களிடமே சொல்கிறேன். மெஷின்காரர் டெமோ காட்ட வரும்போது உங்கள் மகனை மட்டும் உட்கார வைக்காதீர்கள், செக்கிங் சூப்பர்வைசரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மெஷினுக்குச் சொல்லித்தருவதும் வேலைதான், அதற்குத் தனிச் சம்பளம் போடுங்கள். வந்தபின் அதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். தயவுக்காகக் கேட்கவில்லை. தப்பாகப் படித்த மெஷினால் கண்டெய்னர் திரும்பி வந்தால் நட்டம் உங்களுக்குத்தானே.

பெண்கள் படிக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் பெண்கள். படித்த பின் எங்கே போனார்கள்? 2019இல் அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறாள், அதே வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். மாதத்துக்கு ஒரு முறை மாறுகிற தொழில்நுட்பத்தைப் படிக்க நேரம் எங்கிருந்து வரும்? "பொண்ணை நல்லா படிக்க வச்சோமுங்க" என்று சொல்லும் மாமியார்கள், கல்யாணத்துக்குப் பின் மருமகளுக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் விடுவார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாணவிகளுக்கு ஒன்று. இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் எல்லாரும் இணையத்தில் தயாராகக் கிடைக்கும் அதே பூக்களின் தொகுப்பை, கையால் எழுதிய எண்களின் அதே படத்தொகுப்பைத்தான் எடுக்கிறீர்கள். ஐந்து வருசமாக அதே பூவுக்கு மார்க் போட்டு எனக்குச் சலித்துவிட்டது. உங்கள் ஊர்த் துணியின் டேமேஜ் தொகுப்பை நீங்களே உருவாக்குங்கள். விதிகளைச் செக்கிங் அக்காமாரோடு சேர்ந்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் அவர்கள் பேரையும் போடுங்கள், நன்றியுரையில் தள்ளிவிடாதீர்கள்.

அவர்கள் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடுமாம். என்னோடு போட்டோ எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவர்களிடம் போய் நம்பர் வாங்குங்கள்.