மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்கு மாதாமாதம் ஒரு மழைக் குறிப்பு எழுதித் தருகிறேன். எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர், மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் உரம் போடும் நாளை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு நவம்பரில் 64 மில்லிமீட்டர் பெய்த நாளை 6.4 என்று பதிந்துவிட்டேன். தெரிந்ததும் அட்டவணையைத் திருத்தினேன். மேலே இருந்த வாக்கியத்தை மறந்துவிட்டேன். அட்டவணையைக் கூட்டினால் 289.2 வருகிறது, வாக்கியத்தில் 231.6 என்றே நிற்கிறது. பெரியவர் ஒருவர் தாளை என் முன்னால் நீட்டினார். "மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. எதைத் தம்பி நம்புறது?"

அன்றோடு மொத்தத்தைக் கையால் எழுதுவதை விட்டேன். இப்போது குறிப்புக்குள்ளேயே நிரலை வைத்து, அதையே கூட்டிச் சொல்ல வைக்கிறேன். குறிப்பை மார்க்டவுனில் எழுதுகிறேன்.

மார்க்டவுன் என்பது 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய எழுத்து முறை. தலைப்புக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும். நிரல் வரிகளைத் தனியே காட்ட, மேலும் கீழும் மூன்று பேக்டிக் போடுவது பின்னால் வந்த வழக்கம். கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்குமே, அந்தச் சாய்ந்த சிறு குறி. மார்க்டவுன் அந்த வரிகளைக் காட்டுவதோடு சரி, ஓட்டாது. ஓட்டுவதற்கு வேறொரு மென்பொருள் வேண்டும். ஆர் என்ற நிரல் மொழியில் எழுதுபவர்களுக்கு 2012-இல் நிட்டர் என்ற மென்பொருள் வந்தது. 2022-இல் வந்த குவார்ட்டோவைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

மூன்று பேக்டிக்கை அடுத்து, சுருள் அடைப்புக்குள் பைதான் என்று நிரல் மொழியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். கீழே இரண்டே வரி: மழைப் பதிவுக் கோப்பைத் திற, மில்லிமீட்டர் நெடுவரிசையைக் கூட்டு. ரெண்டர், அதாவது கோப்பை ஓட்டி முழுத் தாளாக்கு என்ற கட்டளை கொடுத்ததும் குவார்ட்டோ அந்த வரிகளைப் பைதானிடம் கொடுத்து ஓட்டி, விடையை அதே இடத்தில் பதிக்கிறது. இப்படி பேக்டிக்குகளுக்குள் அடங்கிய நிரல் துண்டு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு மதிப்புக்கு வைத்த பெயர் அடுத்த கட்டத்திலும் நினைவில் இருக்கும். வாக்கியத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு நிரலைச் செருகலாம். "இந்த மாத மழை" என்று எழுதி, எண் வரவேண்டிய இடத்தில் அதை வைத்துவிடுவேன். இப்போது பதிவில் 6.4-ஐ 64 ஆக்கி மறுபடி ரெண்டர் செய்தால் அட்டவணை, வாக்கியம், வரைபடம் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன.

ஜூபிட்டர் நோட்புக் என்ற மென்பொருளிலும் எழுத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் வைத்து ஓட்டலாம். ஆனால் அதில் கட்டங்களை முன்பின்னாக ஓட்ட முடியும். அழித்துவிட்ட வரியின் பழைய மதிப்பு உள்ளே தங்கி ஏமாற்றும். அதனால் அனுப்பும் முன் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. இப்படிப்பட்ட கோப்பு பார்க்க வெறும் கட்டுரை போலிருந்தாலும் அது ஒரு நிரல். உங்கள் கணினியில் கோப்புகளை அழிக்கவும் அதனால் முடியும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதென்றால், கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் படித்த பிறகே ஓட்டுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் மாதாமாதம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாளை மடிக்கிறார். வணக்கம்.