ஃபர்ஸ்ட் காப்பி வாட்ச்: ஓசூர் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

‘அண்ணா, 3,500 ரூபாய்க்கு ரோலக்ஸ் சப்மரைனர் ஃபர்ஸ்ட் காப்பி ஒன்று வாங்கினேன், ஆட்டோமேட்டிக். நாலு மாதம்கூட ஆகவில்லை. தேதி சாயங்காலம் நாலு மணிக்கு மாறுகிறது. கை கழுவினால் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. இரண்டு கடையில் காட்டினேன், தொட மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பணம் போட்டு நல்ல காப்பியாக வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா?’

ஃபர்ஸ்ட் காப்பி என்றால் ஒரிஜினலைப் பார்த்து அப்படியே செய்த போலி. சப்மரைனர் என்பது ரோலக்ஸ் கம்பெனியின் டைவிங் வாட்ச். தம்பி, வாங்கியதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. அந்த வாட்ச் மேல் வந்த ஆசை நல்ல ஆசைதான், எனக்கும் உங்கள் வயதில் இருந்தது. ஆனால் 20 வருடமாக வாட்ச் மூடியைத் திறந்துகொண்டிருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கொடுத்த பணம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போயிருக்கிறது. டயல், அதைச் சுற்றியிருக்கிற பெசல் வளையம், செயின், அந்தப் பச்சைப் பெட்டி. மூடிக்கு உள்ளே போனது ரொம்பக் கொஞ்சம். உங்கள் புகார் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தேதியை எடுத்துக்கொள்வோம். தேதித் தட்டு தாண்டுகிற நேரம் பார்த்து, முட்களை 12-க்கு நேராகக் குத்த வேண்டும். வாட்ச் கூட்டுகிறவர் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் வாட்ச்சில் யாரோ அவசரத்தில் குத்தியிருக்கிறார், நாலு மணி நேரம் விலகிவிட்டது. இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. முட்களை 12 மணி நேரம் முன்னால் திருப்பி வைத்துவிடுங்கள். சாயங்காலம் நாலுக்கு மாறுகிற தேதி விடியற்காலை நாலுக்கு மாறும். நீங்கள் எழுந்திருக்கும்போது சரியான தேதி இருக்கும். அப்புறம், தேதி மாறும் நேரத்தை ஒட்டிச் சாவியை வைத்துத் தேதியை மாற்றாதீர்கள். பல் சக்கரங்கள் அப்போது பிடித்துக்கொண்டிருக்கும், உடைந்து போகும். இது பல ஒரிஜினல் வாட்ச்சுக்கும் பொருந்தும்.

சரி, முள்ளைப் பிடுங்கி மறுபடி குத்தினால் ஆகாதா? ஆகும், பத்து நிமிட வேலை. ஆனால் கடைக்காரர் ஏன் கை வைக்கவில்லை தெரியுமா? காப்பி வாட்ச்சில் முள்ளின் துளை பல நேரம் அளவாக இருக்காது. ஒரு தடவை பிடுங்கினால் மறுபடி இறுகப் பிடிக்காது, டயல் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். ‘நல்லா ஓடிட்டிருந்த வாட்ச்சைக் கெடுத்துட்டீங்களே’ என்று நீங்கள் கேட்பீர்கள். 200 ரூபாய் வேலைக்கு அந்தப் பேச்சை வாங்க யாருக்கும் மனசு வராது. ஸ்பேரும் கிடைக்காது. ஒரே பெயர் போட்ட இரண்டு காப்பியை நான் திறந்திருக்கிறேன், உள்ளே இரண்டு வேறு மிஷின்.

ஆவி விஷயம்தான் அவசரமானது. ஒரிஜினல் சப்மரைனர் 300 மீட்டர் ஆழம் தாங்குகிற வாட்ச். சாவி திருகு போல இறுகும், மூடிக்கும் சாவிக்கும் ரப்பர் ரிங் இருக்கும். போன மாதம் இதே மாடல் காப்பி ஒன்றைத் திறந்தேன். பின்மூடியில் ரிங் உட்கார வேண்டிய பள்ளம் இருந்தது, ரிங் இல்லை. சாவித் தண்டு பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. மிஷினைச் சுற்றி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வளையம். பெரிய கேஸுக்குள் சின்ன மிஷின் ஆடாமல் இருக்க அதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கை அசைவில் சுற்றி ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கிற தகடுதான் ரோட்டர். சாமணத்தால் அதை நகர்த்தினேன், அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு வந்தது. டயலில் ‘300 மீட்டர்’ என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. அதை நம்பி அந்த வாட்ச்சைக் கட்டியிருந்த பையன் பம்புசெட்டில் குளித்திருக்கிறான்.

கையில் அரிப்பு வருகிறது என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். மேல்பூச்சு தேய்ந்தால் அடியில் இருக்கிற மட்ட உலோகம் வியர்வையோடு சேரும், அதில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் தடிக்கும். தடித்தால் கழற்றிவிடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

‘நல்ல காப்பி’ பற்றிக் கேட்டீர்கள். சூப்பர் குளோன் என்று 40,000, 50,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது, மறைக்க மாட்டேன். ரோலக்ஸின் 3235 மிஷினையே பார்த்து அச்சடித்தது போலச் செய்கிறார்கள். ஒரிஜினல் 3235 ஒரு நாளைக்கு முன்னே பின்னே 2 நொடிக்குள் ஓடும், கழற்றி வைத்தாலும் சுமார் 70 மணி நேரம் நிற்காது. குளோனும் முதல் வருடம் ஓரளவு ஓடலாம். பிறகு கழற்றி எண்ணெய் போட வேண்டிய நாள் வரும், ஒரு சக்கரம் தேய்ந்திருக்கும். எங்கே போவீர்கள்? ரோலக்ஸ் சர்வீஸில் வாங்க மாட்டார்கள், விற்றவரிடம் பில்லே இல்லை. இப்போது 3,500-க்குப் படுகிற கஷ்டத்தை அப்போது 50,000-க்குப் படுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை ரொம்ப வருத்தியது வேறொரு வாட்ச். கல்யாணமாகி ஆறு மாதமான ஒருவர் கொண்டுவந்தார், மாப்பிள்ளைக்கு மாமனார் போட்டது. ‘கஸ்டம்ஸில் பிடித்த சரக்கு, அதனால்தான் விலை கம்மி’ என்று எவனோ சொல்லி அந்தப் பெரியவரிடம் 60,000 ரூபாய் வாங்கியிருக்கிறான். தேதிக்கு மேலே இருக்கிற லென்ஸைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரிஜினலில் அது தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும், இதில் எழுத்து கடுகு போல இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ‘மாமாவுக்குத் தெரிய வேண்டாம்ணா, ஓட மட்டும் வெச்சுக் குடுங்க’ என்றார். ஓட வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். போலி முத்திரை போட்ட பொருளை விற்றால் 1999 டிரேட் மார்க் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. அப்படி விற்கிறவன் மேல் எனக்கு இரக்கமே கிடையாது.

இனி வாங்குவதென்றால் என்ன வாங்கலாம்? நீங்கள் இருப்பது ஓசூரில். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 3,500 ரூபாய்க்கு அவர்களிடம் பில்லோடு, வாரண்டியோடு வாட்ச் கிடைக்கும். அதைவிடக் குறைவாக வேண்டுமானால் கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-லிருந்து வருகிற மாடல், பேட்டரி ஏழு வருடம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. அதற்கும் டூப்ளிகேட் உண்டு, பார்த்து வாங்குங்கள். வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்று எழுத்து வரும். நிறைய டூப்ளிகேட்டில் வராது. சேர்த்து வைக்க முடியுமென்றால், குளோனுக்குக் கொடுக்க நினைத்த பணத்துக்கு சீக்கோ 5 வாங்கலாம். அதுவும் ஆட்டோமேட்டிக்தான், எந்த ஊரிலும் அதைத் திறக்கத் தெரிந்த ஆள் இருப்பார்.

இப்போது கையில் இருக்கிற வாட்ச்சுக்கு வருகிறேன். அரிசிப் பானையில் போட்டு வைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும். வெயிலிலும் வைக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு நாளும் துரு ஏறும், அதனால் இன்றைக்கே போய்விடுங்கள். அதே கடைக்குப் போகலாம். ‘ரிப்பேர் வேண்டாம் அண்ணா, மூடியைத் திறந்து உலர்த்தி, அளவான ரப்பர் ரிங் ஒன்று போட்டு மூடிக் கொடுங்கள், நின்றுபோனாலும் உங்களைக் கேட்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.