வெண்டைக்காயும் பத்திரமும்

நடுவர் அவர்களுக்கும், கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். மக்கள் ஏமாறக் காரணம் விற்பவரின் பேராசையா, வாங்குபவரின் அசட்டையா என்பது தலைப்பு. பேராசையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சற்றுமுன், "பான்பரி மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், பத்திரத்தில் மட்டும் படிக்காமல் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். எனக்கு என் பெரியம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

பெரியம்மா அந்த மார்க்கெட்டில் பேர்போனவர். அவர் வருவதைக் கண்டாலே கடைக்காரர் முற்றிய காயைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுவார். பெரியப்பா காலமானபின் மிஞ்சிய 3 லட்சம் ரூபாயை, 2024-இன் கடைசியில், வைப்புத்தொகையாகப் போட ஒரு வங்கிக்குப் போனார். அங்கே ஓர் இளைஞர் அவரைக் குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, "அம்மா, வட்டியும் உண்டு, காப்பீடும் உண்டு" என்று சொல்லிப் பதினொரு இடத்தில் கையெழுத்து வாங்கினார். பிறகு வீட்டுக்குக் கனமான உறை ஒன்று வந்தது. "பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்" என்று தொலைபேசியிலும் சொன்னார். பெரியம்மா சொன்னதற்கு மேலேயே செய்கிறவர். உறையைப் பிரிக்காமல், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், நான்கு பாச்சை உருண்டைகளோடு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிடிக்காத காப்பீட்டுப் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க முன்பு 15 நாளாக இருந்த அவகாசத்தை அந்த 2024-இல்தான் 30 நாளாக்கியிருந்தார்கள். முப்பது நாளும் பாச்சை உருண்டை வாசத்திலேயே கழிந்தன.

ஓராண்டு கழித்து, இரண்டாம் தவணை 3 லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பெரியம்மா நேரே வங்கிக்குப் போய், "தம்பி, வட்டியை நீங்கள்தானே எனக்குத் தர வேண்டும்? என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றார். அது வைப்புத்தொகை அல்ல, ஆண்டுதோறும் தவணை கட்ட வேண்டிய காப்பீட்டுப் பாலிசி என்று மேலாளர் விளக்கினார். பெரியம்மா அதையே மறுபடியும் கேட்டார். மேலாளரும் மறுபடியும் விளக்கினார். மூன்றாம் முறை கேட்டபோது, வரிசையில் நின்ற நான்கு பேர் தங்கள் பத்திரங்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

நண்பரே, வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்பது விரலுக்கே தெரியும். நாற்பது பக்க ஆங்கிலப் பத்திரத்தில் எந்த நுனியை ஒடிப்பது? காய்க்காரராவது ஒடிக்க விடுகிறார். காயை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதில்லை. வைப்புத்தொகை பிடித்துக் கொடுத்தால் கமிஷன் கிடையாது. பாலிசி விற்றால் உண்டு, அதுவும் முதலாண்டுத் தவணையில் மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதலாக உண்டு. கேட்டு வந்ததை விட்டுவிட்டுக் கேளாததை அந்த அம்மாளின் மடியில் கட்டியதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். பெரியம்மா தடுத்துவிட்டார். "அந்தப் பிள்ளை மாதம் இத்தனை விற்றாக வேண்டுமாம், இல்லையென்றால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களாம்" என்றார். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. அன்று அந்தக் குளிரறையில், பதினொரு கையெழுத்துக்கும் பதினொரு முறை அவன் "அம்மா" என்று கூப்பிட்டானாம். அதை எண்ணி வைத்திருக்கிறார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை மட்டும் சற்று உரக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வரிசையில் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார்; அவருக்கு ஒரு காது மந்தம்.