2, 4, 7 என்று கேட்டிருந்தால் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘பிளவுபட்ட காலத்தில் சமூகத்துக்குப் பெரிதும் தேவை கொள்கை உறுதியா, தன்னையே கேள்வி கேட்கும் துணிவா?’ என்பது இன்றைய தலைப்பு. துணிவே என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், எதிரணித் தலைவர் வைத்த வாதத்தை என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிசகினால் ஐயா இங்கேயே திருத்தலாம். அவர் சொன்னது இது: ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது சந்தேகப்படுகிறவன்தான் முதலில் தோற்பான். எதிரே நிற்பவர் தன்னைக் கேள்வி கேட்டுக்கொள்ளப் போவதில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் அவருடைய பொய்க்கு நானே வழிவிட்டவன் ஆவேன். அநீதியை எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் உறுதியால்தான் நின்றார்கள். சரியாகச் சொன்னேனா ஐயா? தலையசைக்கிறார், நன்றி.

வலுவான வாதம்தான். மாற்றார் கருத்தை முதலில் முழுதாகச் சொல்வது நம் மொழிக்குப் புதிதும் அல்ல. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி முழுக்கப் பிறர் மதம். கண்ணால் காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதன் என்ன சொல்கிறான், பௌத்தன் என்ன சொல்கிறான் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்த பிறகுதான் அதற்கு மறுப்பு வருகிறது. தன் கொள்கை அதற்கும் பிறகு. எழுதியவருக்கு உறுதி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

உறுதி எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அவையில் இருப்பவர்களும் மனதுக்குள் செய்து பாருங்கள். 2, 4, 6. இந்த மூன்று எண்களும் ஒரு விதிக்குப் பொருந்தும். அந்த விதியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வேறு மூன்று எண்களைச் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று பதில் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நிச்சயம் என்று தோன்றியதும் விதியை அறிவிக்கலாம்.

8, 10, 12? பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். 100, 102, 104? பொருந்தும். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று அடித்துச் சொல்கிறோம். தவறு! ஏறுவரிசையில் ஏதேனும் மூன்று எண்கள், அவ்வளவுதான் விதி. 1, 2, 50 கூடப் பொருந்தும். கலந்துகொண்ட 29 பேரில் தவறான விதி எதையும் அறிவிக்காமல் சரியானதை எட்டியவர்கள் 6 பேர் மட்டுமே.

சறுக்கிய இடத்தைக் கவனியுங்கள். மூன்று முறையும் ‘பொருந்தும்’ என்றே பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் உறுதி ஏறியது. ஆனால் அறிவு துளிகூட ஏறவில்லை. 2, 4, 7 என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். நம் கணக்குப்படி ‘பொருந்தாது’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பொருந்தும்’ என்று வந்திருக்கும், நம் விதி அங்கேயே உடைந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க மனம் வரவில்லை. நம் தரப்புச் செய்தியையே படித்து, நம் தரப்பு ஆட்களிடமே பேசி, ‘பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போயிற்று’ என்கிறோமே, அப்போதெல்லாம் 8, 10, 12 என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘நான் எப்போதும் நடுநிலையோடுதான் பார்க்கிறேன்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது போதாது என்பதற்குச் சான்று இருக்கிறது. 1979இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேர், எதிர்ப்பவர்கள் 24 பேர் என்று 48 பேரிடம் இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைக் கொடுத்தார்கள். தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றது ஒன்று, குறையவில்லை என்றது மற்றொன்று. இரண்டும் சோதனைக்காகவே எழுதப்பட்டவை. தமக்குச் சாதகமான ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது என்றும், எதிரானது ஓட்டை நிறைந்தது என்றும் இரு தரப்பாரும் மதிப்பிட்டார்கள். ஒரே தாள்களைப் படித்துவிட்டு, முன்பைவிடத் தங்கள் நிலையில் இறுகிவிட்டதாகவே இரு தரப்பாரும் சொன்னார்கள்.

1984இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அடுத்த கேள்வியை எடுத்தார்கள்: இதை எப்படித் திருத்துவது? ஒரு பகுதியினரிடம், ‘நீதிபதியைப் போலப் பாரபட்சமின்றி எடைபோடுங்கள்’ என்றார்கள். பலனில்லை, சாய்வு அப்படியே இருந்தது. இன்னொரு பகுதியினரிடம், ‘இதே ஆய்வு, இதே முறையில் நடந்து, நேர் எதிரான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பைத்தான் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் உங்களையே கேளுங்கள்’ என்றார்கள். அங்கே சாய்வு அடங்கியது. நல்லெண்ணத்தால் ஆகாததை ஒரு கேள்வி செய்தது. நடுவர் அவர்களே, என் கட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தன்னைக் கேள்வி கேட்பது மனநிலை அல்ல, கைப்பழக்கம். கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்கலாம்.

எப்படிச் செய்வது? ஒரு தலைவர் மீது குற்றச்சாட்டு வருகிறது. பகிரும் முன், பெயரை மட்டும் மாற்றி உங்களுக்குப் பிடித்த தலைவரின் பெயரைப் போடுங்கள். இந்தச் சான்றை அப்போதும் ஏற்பீர்களா? இங்கே எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மாற்றிப் பார்த்த மறுகணமே, ‘அது வேறு, இது வேறு’ என்று மனம் சொல்லும். வேறாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த வேறுபாட்டை ஒரே வரியில் எழுதுங்கள். பெயர்கள் தெரியாத ஒருவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். அவரும் அதை முக்கியமான வேறுபாடு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தீர்ப்பைச் சொன்ன பிறகு தேடிப் பிடித்த காரணம்.

எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே குறித்துவைப்பதைப் பல ஆண்டுகள் விதியாகவே கடைப்பிடித்தார் சார்லஸ் டார்வின். சாதகமானவற்றைவிட இவைதான் எளிதில் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம்.

அடுத்து, கேள்வியின் வடிவம். ‘ஏன் இதை ஆதரிக்கிறாய்?’ என்று கேட்டால் ஆளுக்குப் பத்துக் காரணம் கைவசம் இருக்கும். ‘இது எப்படி வேலை செய்யும், முதலில் என்ன நடக்கும், அடுத்து என்ன?’ என்று கேளுங்கள், பேச்சின் வேகம் குறையும். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜிப், கழிப்பறைத் தொட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்று படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்கத் தொடங்கிய பிறகு, தமக்கு எவ்வளவு தெரியும் என்று முன்பு போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை அவர்களே குறைத்தார்கள். 2013இல் அரசியல் கொள்கைகளை வைத்துச் செய்தபோதும் அதுவே நடந்தது. கருத்தின் கடுமையும் தணிந்தது என்று அந்த ஆய்வு சொன்னது. பின்னால் மற்றவர்கள் செய்தபோது அந்தத் தணிவு எல்லா முறையும் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், என் தரப்புச் சான்று என்பதற்காக அதற்குச் சலுகை தரக் கூடாது. இந்த ‘எப்படி’யை முதலில் தன்னிடம் கேட்டுக்கொண்டவருக்குத்தான் பிறரிடம் கேட்க உரிமை. கூட்டத்தின் நடுவே கேட்டால் அது குறுக்கு விசாரணை ஆகிவிடும், முகத்தைக் காப்பாற்றவே எதிரில் இருப்பவர் இறுகுவார். இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்.

இப்போது எதிரணியின் வலுவான கேள்விக்கு வருகிறேன். உலகமே எதிர்த்தபோதும் அசையாமல் நின்றவர்கள் உறுதியால்தானே வென்றார்கள்? பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். மன அழுத்தமும் அமிலமும்தான் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், காரணம் ஒரு பாக்டீரியா என்றார் அவர். பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1984இல் அந்தக் கிருமியை வளர்த்துத் தாமே குடித்தார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். உறுதிக்கு எடுத்துக்காட்டா இது? முழுதாகப் பாருங்கள். குடிக்கும் முன் எண்டோஸ்கோபி செய்து தம் இரைப்பையில் அழற்சி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். குடித்த பிறகு மீண்டும் பார்த்தார், அழற்சி வந்திருந்தது. வராமல் போயிருந்தால்? அவருடைய கருத்துக்கு அது பெரிய அடி. தன் நம்பிக்கை தோற்கக்கூடிய ஒரு சோதனையைத் தானே அமைத்து, அதில் தன் உடலையே வைத்தார். அவருடைய உறுதி அந்தச் சோதனையைத் தாண்டி வந்தது. சோதனைக்கே போகாத உறுதியையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மாற்றுக் கருத்தை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா என்றும் கேட்டார்கள். இல்லை. ‘அவர்களை அடி, விரட்டு’ என்பது கருத்தே இல்லை, மிரட்டல். அதைத் தடுக்க வேண்டும். ‘இது நடந்தது, நடக்கவில்லை’ என்ற சண்டைக்குச் சான்றைத் தேடுங்கள். ‘எது முக்கியம்’ என்ற சண்டையில் சான்று மட்டும் தீர்ப்புத் தராது, எதிரில் இருப்பவர் எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார் என்று கேட்டறிய வேண்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் முடிவதே இல்லை.

கேட்டறிவதால் என்ன பயன்? 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த மயாமி ஆய்வு, வீடு வீடாகப் போய்ச் சுமார் 10 நிமிடம் பேசியதன் விளைவை அளந்தது. திருநர் மீதான வெறுப்பு அந்தப் பேச்சின் பொருள். போனவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. பிறரால் ஒதுக்கப்பட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா என்று கேட்டு, குறை சொல்லாமல் காது கொடுத்தார்கள். வெறுப்பு குறைந்தது, அந்த மாற்றம் 3 மாதமாவது நிலைத்தது. இறுகிய உறுதியோடு கதவைத் தட்டியிருந்தால் அந்த 10 நிமிடம் அவர்களுக்குக் கிடைத்திருக்குமா?

நடுவர் அவர்களே, என் நிலை எதில் விழும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். தன்னைக் கேள்வி கேட்கப் பழகியவர்கள், பழகாதவர்களைவிட அநீதியின் முன் அதிகம் ஒதுங்கிப் போகிறார்கள் என்று எதிரணி சான்றோடு காட்டட்டும். அந்தச் சான்றைப் படித்துப் பார்த்து, அது நின்றால் நான் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருகிறேன். அடுத்துப் பேச வரும் அம்மையாரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் நிலை எதில் விழும் என்று சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.