இதே வாழ்க்கை மறுபடியுமா? வேண்டும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன். இதே வாழ்க்கை ஒரு எழுத்து மாறாம திரும்பத் திரும்ப வர்றதுன்னா, அது வேண்டுமா? இதுதான் தலைப்பு. வேண்டும்ங்கிறது எங்க அணி.

எதிரணியின் முதல் பேச்சாளர் மூணு சக்கரத்தை உருட்டிட்டுப் போனார். ஒரே அச்சில் மூணு சக்கரம். முதலாவது ஒரு சுற்று சுற்றினா ரெண்டாவது ரெண்டு சுற்று. மூணாவதுக்கு ஒன்றை 'பை'யால் (π, வட்டக் கணக்கில் வர்ற 3.14...) வகுத்த வேகம். மூணிலும் ஒரே கோட்டில் வச்ச புள்ளிகள் மறுபடி என்னைக்குமே அதே இடத்தில் ஒண்ணு சேராது. அதனால இதே வாழ்க்கை திரும்பி வந்தே தீரும்னு சொல்ல முடியாதுன்னார். கணக்கு சரிதான் ஐயா, ஜெர்மன் சிந்தனையாளர் ஸிம்மல் போட்ட கணக்கு. ஆனா தலைப்பு 'வருமா' இல்லையே, 'வேண்டுமா'தானே!

அடுத்து வந்த சகோதரி, பார்த்த படத்தையே பார்த்தா சலிக்காதான்னாங்க. சலிக்கணும்னா போன தடவை ஞாபகம் இருக்கணும். ஞாபகம் இருந்தா அது அதே வாழ்க்கையே இல்லைம்மா, ஒரு நினைவு கூடிப்போன வேற வாழ்க்கை.

ஆனா அவங்க அடிச்ச அடுத்த அடிக்கு அரங்கமே அதிர்ந்தது. "இந்தக் கொள்கையைச் சொன்ன ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயே, இதுக்கு என்னோட ஆழமான ஆட்சேபம் என் அம்மாவும் தங்கச்சியும்தான்னு எழுதியிருக்கார். சொன்னவரே ஓடுறார், நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" நானும்தான் கை தட்டினேன்.

நீட்சேக்கு இந்த எண்ணம் உதிச்ச காட்சியை நிதானமா பார்ப்போமே. 1881 ஆகஸ்ட். சுவிட்சர்லாந்து, சில்வாப்ளானா ஏரிக்கரை, கூம்பு மாதிரி ஒரு பாறை. மனுஷனுக்கு வயசு 36. தீராத தலைவலி, வாந்தி, மங்கின பார்வை. பேராசிரியர் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த உடம்போட நின்னு யோசிக்கிறார்: இதெல்லாம் ஒரு எழுத்து மாறாம, முடிவே இல்லாம திரும்பத் திரும்ப வந்தா? தலைவலி வருமே... வரட்டும்! வாந்தி? வரட்டும்! விட்ட வேலையை மறுபடி விடணுமே? விடறேன்! ஏழு வருஷம் இதே வீராப்பு. ஏழாம் வருஷம் பேனாவை எடுக்கிறார்: அம்மாவும் வருவாங்களோ?

பிரபஞ்சத்தைத் தாங்கினார் நடுவர் அவர்களே, வீட்டைத் தாங்க முடியலை! தங்கை லேசுப்பட்டவங்களா? அண்ணன் எழுத்தெல்லாம் பின்னாடி அவங்க கைக்குத்தான் போச்சு; அம்மாவையும் தங்கச்சியையும் பத்தின அந்தப் பக்கம் அச்சேறவே 1969 ஆச்சு!

சகோதரி கதையை அங்கேயே நிறுத்திட்டாங்க. அடுத்த பக்கத்தை நான் புரட்டுறேன். அந்த வரியை எழுதினது 1888 கடைசியில். 1889 ஜனவரியில் டூரின் நகரத்தில் புத்தி கலங்கிப்போச்சு. அப்புறம் மருத்துவமனை. 1890இல் அங்கிருந்து நௌம்பர்க் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? வேண்டாம்னு எழுதினாரே, அதே அம்மா. பிரான்சிஸ்கா. இருபத்து மூணு வயசில் கணவனை இழந்தவங்க. சில மாசத்தில் ரெண்டு வயசு நிரம்பாத கடைசிப் பிள்ளையையும் இழந்தவங்க. அறுபத்து நாலு வயசில், நாற்பத்தஞ்சு வயசு மகன் மறுபடி குழந்தையா வந்து நிக்கிறான். 1897இல் தன் உயிர் போற வரைக்கும் ஏழு வருஷம் வச்சுப் பார்த்துக்கிட்டாங்க.

சக்கரக் கணக்கை விடுங்க. அந்த அம்மாகிட்ட கேளுங்க: இதே மகன், இதே நோய், இதே ஏழு வருஷம், மறுபடியும் வேணுமா தாயே? பதிலை இங்க உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் சொல்லட்டும் நடுவர் அவர்களே, நான் உட்கார்றேன்.