ரேகைச் சட்டத்தின் இன்னொரு பக்கம்: பிள்ளைகளுக்குத் திருநங்கையர் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம். விடியலில் கரை சேர்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாருக்கும், பாசி எடுக்கப் போய் வந்த அக்காமாருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இன்று ஒரு வகைப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன். திருநங்கையர், திருநம்பியர் வரலாற்றைச் சிறுவர்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் உள்ளபடி சொல்லும் புத்தகங்கள். கதைப் புத்தகங்கள் வேறு. நான் கேட்பது ஆண்டும் பெயரும் ஆதாரமும் உள்ள வரலாறு.

நம் கரையில் ஒரு பிள்ளை திருநங்கையரை ரயிலில் பார்க்கும், ராமேஸ்வரம் ரதவீதியில் பார்க்கும், கோயில் கொடையில் பார்க்கும். “அவங்க யாரும்மா?” என்று கேட்டால் “சும்மா வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவோம். பதில் கிடைக்காத பிள்ளைக்குத் தெருவில் ஒரு வசைச்சொல் கிடைத்துவிடும். அவர்களைப் பற்றி அது கற்கும் முதல் பாடம் அந்த வசையாகவே ஆகிவிடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம்.

வெளிநாடுகளில் இந்த வகைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் சூசன் குக்லின் 2014இல் ஆறு இளையோரைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியிலேயே, படங்களோடு புத்தகமாக்கினார். அதை நூலகத்தில் வைக்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு அந்த நாட்டில் அதிகம் எதிர்க்கப்பட்ட பத்துப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. புத்தகத்துக்கு எதிர்ப்பு வருவது புதிதல்ல. பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். உடலும் மனமும் ஒத்துப்போகாமல் தவித்தவர்கள் அங்கே மருத்துவமும் மரியாதையும் பெற்றார்கள். 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் உள்ளே புகுந்து நூலகத்தைச் சூறையாடினார்கள். சில நாளில் அந்தப் புத்தகங்கள் நகரின் பொதுச் சதுக்கத்தில் எரிந்தன. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தாராளமாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பெர்லினையும் நியூயார்க்கையும் மட்டும் படிக்கிற பிள்ளை, இது ஏதோ கப்பலில் வந்திறங்கிய விஷயம் என்று நினைத்துக்கொள்ளும். நம்முடைய வரலாறு நம் கையில் இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்கி நாலாவது நூற்பாவிலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்பவர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில், ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் ஆடும் பேடும் ஒன்று.

இதைவிட நெருக்கமான ஒன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே உண்டு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் வயதானவர்களிடம் ரேகைச் சட்டம் என்று சொல்லிப் பாருங்கள். பெருவிரல் உருட்டியதையும், ராத்திரியானால் போலீஸ் கண்காணிப்பில் கிடந்ததையும் தங்கள் அப்பன் பாட்டன் பட்ட பாடாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் என்பது அதன் பெயர். 1911 சட்டத்தின் வழியாக நம் பக்கம் வந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் நீங்கியது. அதற்கு மூலமான 1871ஆம் ஆண்டுச் சட்டம் வட இந்தியாவில் வந்தபோது அதற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதி சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்கள் என்று அங்கே அழைக்கப்படும் திருநங்கையர் மேல் பாய்ந்தது. அவர்கள் பெயரும் வீடும் பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் ஏறியவர் பெண் உடையோ நகையோ போட்டுத் தெருவில் நின்றால், ஆடினால், பாடினால், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது. உயில் எழுதக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். ஒரே சட்டத்தின் முதல் பகுதியிலிருந்து வளர்ந்து வந்தது நம் ஊர்த் தாத்தாவைக் குற்றவாளி ஆக்கியது, இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களை ஆக்கியது. இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சடித்து ஒரு புத்தகம் வந்தால், நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு வேறு விளக்கமே வேண்டாம். ரயிலில் கைதட்டிக் காசு கேட்கும் அக்காவின் முன்னோருக்கும் தன் முன்னோருக்கும் ஒரே ஆள் விலங்கு மாட்டினான் என்று அது தானே கண்டுகொள்ளும். இரக்கப்படச் சொல்லும் பாடங்களை நான் அதிகம் நம்புவதில்லை. இரக்கம் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். தெரிந்துகொண்டது நிற்கும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் சேர்க்கும் ஆசையில் கண்டவரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1311இல் மதுரைக்குப் படையோடு வந்த டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் ஓர் உதாரணம். அவர் படை ராமேஸ்வரம் வரை வந்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அவர் விதையடிக்கப்பட்ட அடிமையாகக் குஜராத்தில் பிடிபட்டவர். அவர் தன்னை ஆணாக உணர்ந்தாரா பெண்ணாக உணர்ந்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. வேறொருவர் உடலில் செய்த கொடுமையை அவருடைய அடையாளம் என்று எழுதுவது பிழை. பிள்ளைகளிடம் “இதற்குச் சான்று இல்லை” என்று எழுதுவதில் கூச்சம் வேண்டாம். வரலாறு படிப்பது எப்படி என்பதையும் அப்போதுதான் கற்பார்கள்.

நம் காலத்துச் செய்திகள் ஏராளம். 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. திருநங்கை பிரித்திகா யாஷினி, வழக்காடி வென்று காவல் உதவி ஆய்வாளர் ஆனார். மதுரையில் பிறந்த திருநங்கை, பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு, பக்கத்துத் தூத்துக்குடியில் பதிவு மறுக்கப்பட்ட ஒரு திருமணத்தில், திருநங்கையும் மணமகளே என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

“அவர்களே எழுதிய புத்தகங்கள் இருக்கின்றனவே” என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ரேவதி எழுதியிருக்கிறார், லிவிங் ஸ்மைல் வித்யா எழுதியிருக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் படிக்க வேண்டியவை. ஆனால் அடியும் வன்முறையும் நிறைந்த அந்த வாழ்க்கையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் அப்படியே கொடுக்க முடியாது. பதினாறு வயதுக்குக் கொடுக்கலாம், கூட இருந்து பேச ஆள் இருந்தால். பத்து வயதுக்கு என்று தனியாக, நல்ல படங்களோடு, தமிழில் எழுத வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தால் பிள்ளை மாறிப்போகுமா என்று சில தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். மாறாது, தாயே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஆறு வயது வரையான 54,854 குழந்தைகளைப் பெற்றோர் ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் பதிந்திருந்தார்கள். அந்த வயதில் எந்தப் புத்தகத்தைப் படித்திருக்கப் போகிறார்கள்? அப்படி ஒரு பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கலாம். தன்னைப் போல் ஒருவர் இதற்கு முன்னும் வாழ்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாமல், பதினைந்து வயதில் வீட்டை விட்டு ரயிலேறுவதுதான் எனக்குப் பயம்.

கலாம் அய்யா சிறுவனாக இருந்தபோது ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் வாங்கிப் படித்ததாக எழுதியிருக்கிறார். கேட்ட பிள்ளைக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் ஒருவர் இருந்தார்.

நானும் சில ஆசிரியர்களும், திருநங்கையர் இருவரும் சேர்ந்து, நம் கரைக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள பெரியவர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழாவில், கூத்தில், சந்தையில், கடற்கரையில் வாழ்ந்த திருநங்கையர், திருநம்பியர் பற்றி நினைவு இருந்தால் சொல்லுங்கள். என்ன தொழில் செய்தார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள், ஊர் எப்படி நடத்தியது, எல்லாம் வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். வானொலி நிலையத்தில் என் பெயருக்குக் கடிதம் கொடுத்தால் வந்து சேரும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நானே உங்கள் ஊருக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். வணக்கம்.